அடுத்த ஞாயிறு வரோம்

"கண்ணை எடுக்கக் கூடாதும்மா. நான் பாய்க்கு அடியில போறப்ப நீ என்னையேதான் பாக்கணும், என்ன?" மூணு தடவை சொல்லிட்டுத்தான் துருவன் உள்ள போனான். சரிடா சாமி, பாக்கறேன், போன்னேன். எட்டு வயசுப் பய. முழு பேன்ட், முழுக்கைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ, இத்தனையும் மாட்டிக்கிட்டு நீச்சல் குளத்துல குதிக்கப் போறான். இந்த ஊர்ல அப்படித்தான். ஐண்ட்ஹோவனுக்கு வந்த புதுசுல இதைப் பாத்துட்டு, என்னங்க இது, ஸ்கூல் பஸ் கவுந்த மாதிரி அத்தனை பிள்ளையும் துணிமணியோட தண்ணிக்குள்ள கிடக்குதுன்னு பதறினேன். தெருவுக்குத் தெரு கால்வாய் ஓடற நாடு, கால் தவறி விழற பிள்ளை நீச்சல் டிரஸ் போட்டுக்கிட்டா விழும், அதான் இப்படிக் கத்துக் குடுக்கறாங்கன்னு இவர் விளக்கினார். இவர்னா பூபதி, என் வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் சிப்பு செய்யற மெஷின் கம்பெனியில இன்ஜினியர். அவர் வேலைக்காகத்தான் கரூர்லேர்ந்து இங்க வந்து விழுந்தோம். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாக்களுக்கு நாற்காலி போட்டிருக்கு, ஒரு காபி மெஷின் இருக்கு, பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைப் பிடுங்குது. புதன்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள், அதனால புதன் மத்தியானம் முக்கால் மணி நேரம் எனக்கு இந்த நாற்காலிதான். சுவர்க் கடிகாரத்துல மூணு பத்து. மூணே முக்காலுக்கு நீலப் பாயை மிதக்க விடுவாங்க. பிள்ளைங்க ஒவ்வொருத்தரா இந்தப் பக்கம் முங்கி, பாய்க்கு அடியில போயி அந்தப் பக்கம் எழணும். போன ரெண்டு வாரமும் இவன் பயந்து நடுவிலேயே திரும்பிட்டான். இன்னைக்கு எழுந்துடுவேன்னு சவால் விட்டிருக்கான். சரி, இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. அப்பத்தான் மடியில கிடந்த போன் அதிர்ந்தது. இலக்கியா. வாய்ஸ் மெசேஜ். ஐம்பத்தெட்டு செகண்ட்.

என் மக. மூத்தவ. வர்ற சனிக்கிழமை வந்தா பதினெட்டு முடியுது. முடியறதுக்குள்ள மனு போட்டாத்தான் அவளை எங்க பிள்ளைன்னு கணக்குல எடுத்துக்கிட்டு இங்க வந்து எங்களோட இருக்க விடுவாங்களாம். ஒரு நாள் தாண்டினாலும் அவ பெரியவ, அவ வழி அவளுக்கு. அப்புறம் விசிட் விசாதான், மூணு மாசம், விருந்தாளி. என் வயித்துல பொறந்தது என் வீட்டுக்கு விருந்தாளி. மனுவுல அவ கையெழுத்து வேணும். போன வாரமே பேப்பரை அனுப்பியாச்சு. கையெழுத்துப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புடி, நாளைக்கு அப்பா ஆபீஸ்ல குடுக்கணும்னு நாலு நாளா நச்சரிச்சிட்டிருக்கேன். பாக்கறேம்மா, பாக்கறேம்மான்னா. பாக்கறதுக்கு அதுல என்ன இருக்கு? ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்சாச்சு, கரூர்ல சித்தப்பா வீட்டுல சும்மாதானே உக்காந்திருக்கா. இப்ப போட்டோ வரலை, குரல் வந்திருக்கு. போட்டிருந்தா போட்டோதானே வரணும்? அப்படியெல்லாம் முடிவு கட்டாதடி வளர்மதி, உன் வாயே உனக்குச் சனியன். எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டிருப்பா. பேனா நீலமா கறுப்பான்னு கேட்டிருப்பா, பாவம், அவளுக்கு எல்லாமே பரீட்சைத் தாள்தான். ஆனா அதுக்கு எதுக்கு ஐம்பத்தெட்டு செகண்ட்? இவ என்கிட்ட ஐம்பத்தெட்டு செகண்ட் சேந்தாப்பல பேசி எத்தனை நாளாச்சு? தொட்டுப் பாக்க விரல் வரமாட்டேங்குது. பய முடிச்சிட்டு வரட்டும், அப்புறமா கேக்கலாம். வீட்டுக்குப் போய், காபி போட்டுக்கிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு. ஆமா, பெரிய காபி. போனைக் குப்புறப் போட்டேன். போட்டா மட்டும்?

பத்தாவதுல நானூத்தி எண்பத்தேழு. அதுதான் வினையே. நானூறு வாங்கியிருந்தா பேசாம மூட்டை கட்டிக் கூட்டிட்டு வந்திருப்பேன். ஸ்கூல் வாசல்ல பேனர் வெச்சாங்க, ரெட்டைச் சடையோட அவ முகம், பக்கத்துல மார்க்கு. அதே வாரத்துல இவருக்கு இங்க வேலை உறுதியாச்சு. பாத்தவங்கல்லாம் ஒரே மாதிரி கேட்டாங்க, இந்த மார்க்கை வெச்சுக்கிட்டு அங்க போய் அ, ஆவன்னாவிலேர்ந்து புது பாஷை படிக்கவா போறா? ப்ளஸ் டூ ஒரு ரெண்டு வருஷம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும், அப்புறம் கூட்டிக்கங்கன்னாங்க. அவங்க சொன்னாங்கன்னு அவங்க மேல பழி போடறேன் பாரு. கேட்டது அவங்க. தலையாட்டினது நான். இவர் கூட ஒரு தடவை முணுமுணுத்தார், எல்லாரும் ஒண்ணாவே போயிடலாமே வளரு, படிப்பு எங்க போயிடப் போவுதுன்னு. நான்தான் பாஞ்சேன். உங்களுக்கென்ன, நாளைக்கு அவ மார்க்கு போச்சுன்னா ஊர் என்னையில்ல கேக்கும்னேன். ஊர். எந்த ஊர் வந்து கேட்டுது? அதுக்குள்ள அவ பெட்டி கட்டிட்டா. அதை நினைச்சாத்தான். யாரும் சொல்லாமலே பரணிலேர்ந்து பச்சைப் பெட்டியை இறக்கி, தனக்குன்னு ரெண்டு ஸ்வெட்டர், தம்பியோட குல்லா, ஒரு பாக்கெட் புளிப்பு மிட்டாய், எல்லாம் அடுக்கி வெச்சிருந்தா. அங்க புளிப்பு மிட்டாய் கிடைக்காதில்லம்மான்னு கேட்டா. நீ இப்ப வரலடி, ரெண்டு வருஷம் கழிச்சுன்னு நான் சொன்னப்ப அழுவான்னு நினைச்சேன். அழல. ஸ்வெட்டரை எடுத்து பீரோவுல வெச்சா. மிட்டாயைத் தம்பிகிட்ட குடுத்தா. காலிப் பெட்டியை மறுபடி பரண்ல ஏத்தத் தெரியாம நாற்காலி மேல நின்னுக்கிட்டு, அம்மா கொஞ்சம் பிடிச்சுக்கோன்னா. பிடிச்சுக்கிட்டேன். பாவி, நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன்.

பயலைக் காணமே. மூணு இருபத்திரெண்டு. இருக்கான், அதோ, கடைசிப் பாதையில மல்லாக்க நீந்தறான், சட்டை உப்பிக்கிட்டு வயித்து மேல நிக்குது. டீச்சர் மார்லூஸ் கரையிலேயே கூட நடந்து வரா, கையில நீளக் கம்பு, அடிக்க இல்ல, பிடிச்சுக்க. இங்க யாரும் பிள்ளைகளை அடிக்கறதில்ல, மார்க்கு கேக்கறதில்ல, பேனர் வெக்கறதில்ல. அதைப் பாக்கப் பாக்க எனக்கு ஒரு எரிச்சல் வரும், யார் மேலன்னு தெரியாது. பக்கத்து நாற்காலியில ஆனலீஸ் வந்து உக்காந்தா, அவ மகனும் இவனோட செட்டு. ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே, உன் ஒரே பிள்ளை இன்னைக்குத் தைரியமா இருக்கானேன்னு இங்கிலீஷ்ல சொன்னா. ஒரே பிள்ளை. அவ தப்பு இல்ல, நான் சொன்னதுதான். வந்த புதுசுல இதே நாற்காலியில, உனக்கு எத்தனை பிள்ளைங்கன்னு ஒருத்தி கேட்டா. ரெண்டுன்னேன். பொண்ணு எங்கன்னா. ஹாஸ்டல்னேன். எதுக்குன்னா. பரீட்சைக்குன்னேன். அவ கண்ணு விரிஞ்சுது பாரு. பரீட்சைக்காக பதினாறு வயசுப் பொண்ணை வேற கண்டத்துல விட்டுட்டா வந்தே? கேலியாக் கூடக் கேக்கல. புரியாமக் கேட்டா, புரிஞ்சுக்கணும்னு கேட்டா, அதுதான் தாங்கல. கட்-ஆஃப்னு ஒண்ணு இருக்கு, அதுல அரை மார்க்கு குறைஞ்சா ஆயிரம் பேர் முந்திடுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல திக்கித் திக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அபத்தமா இருந்தது. அதுக்கப்புறம் அடுத்து கேட்டவகிட்ட, ஒண்ணுதான்னுட்டேன். ஒண்ணு, பையன். சொல்லிட்டு வீட்டுக்குப் போயி சோறு இறங்கல. ஆனா மறுநாள் இன்னொருத்தி கேட்டப்பவும் ஒண்ணுன்னேன். பழகிப்போச்சு. இப்ப இவ வந்து இறங்கினா இவங்ககிட்டல்லாம் என்னன்னு சொல்லுவேன்? சொல்லிக்கலாம். கால்ல விழுந்து கூடச் சொல்லிக்கலாம். முதல்ல அவ வரட்டும்.

மூக்கு ஒழுகுது, இந்த ஊர்ல சித்திரையிலயும் மூக்கு ஒழுகுது. டிஷ்யூ தேடிப் பைக்குள்ள கையை விட்டேன். பஸ் கார்டு, பயலோட பிஸ்கட் தூள், இயர்போன், அடியில அந்தப் பேப்பர் பொட்டலம். தெரிஞ்சேதான் விட்டு வெச்சிருக்கேன், ஆனாலும் விரல்ல படறப்பல்லாம் பகீர்னுது. கறுப்பு ரிப்பன், ரெண்டு. ஹாஸ்டல் நாமக்கல் பக்கம். ஜூன் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை கொண்டு போய்ச் சேத்தோம். இரும்புக் கட்டில், டிரங்குப் பெட்டி, பேர் எழுதின பக்கெட். அங்க வார்டனம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. எப்பம்மா ஃப்ளைட்டுன்னாங்க. வர்ற புதன்னேன். பொண்ணுக்குத் தெரியுமா? நாள் தெரியாது, இன்னும் சொல்லலன்னேன். சொல்லாதீங்க, சொன்னா அழும், இங்க புதுசா வந்த பிள்ளை ஒண்ணு அழுதா ரூம்ல பத்தும் அழும், ஒரு வாரம் படிப்புப் போயிடும்னாங்க. எனக்கு அது எவ்வளவு நியாயமாப் பட்டுது அப்ப! தலையைத் தலையை ஆட்டினேன். கேட் கிட்ட நின்னா இலக்கி. புது யூனிஃபார்ம், இடுப்புல தொளதொளன்னு. எப்பம்மா ஃப்ளைட்டுன்னா. இன்னும் ரெண்டு வாரம் இருக்குடின்னேன். நான்தான் சொன்னேன், இவர் காருக்குள்ள போய் உக்காந்துட்டார், அவருக்குப் பொய் சொல்ல வராது. அப்ப அடுத்த ஞாயிறு வருவீங்களா? புதுசாச் சேந்தவங்களுக்கு அடுத்த ஞாயிறு பாக்க விடுவாங்களாம்மா. வரோம்டி, அடுத்த ஞாயிறு வரோம்னேன். தக்காளி சாதம் கொண்டு வாம்மா, உருளைக்கிழங்கு நல்லா முறுகலா. சரிடி. ரெண்டு ரிப்பன், இங்க கறுப்புதான் கட்டணுமாம், என்கிட்ட சிவப்பும் பச்சையும்தான் இருக்கு. சரிடி. தம்பியையும் கூட்டிட்டு வரணும். சரி சரி, உள்ள போ, வெயிலா இருக்கு. போனா. திரும்பிப் பாத்து, முறுகலான்னு மறுபடி கத்தினா. திங்கக்கிழமை கடைக்குப் போனேன், நிஜமாவே போய் ரிப்பன் கேட்டேன். அளந்து வெட்டிச் சுத்திக் குடுத்தான். எதுக்கு வாங்கினேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கூரியர்ல அனுப்பலாம்னு நினைச்சேனா, இல்ல வாங்கிட்டா பொய் பாதியாவது உண்மையாயிடும்னு நினைச்சேனா? புதன்கிழமை ஃப்ளைட் ஏறிட்டோம். அந்த ஞாயிறு நான் இங்க ஒரு வீட்டுல, பெட்டி பிரிக்காம, ஜன்னலுக்கு வெளிய மழையைப் பாத்துக்கிட்டு நின்னேன். இந்நேரம் அங்க மணி ஒண்ணரை, இந்நேரம் மூணு, இந்நேரம் அஞ்சுன்னு எண்ணிக்கிட்டு நின்னேன். அவ அன்னைக்கு என்ன பண்ணினான்னு நான் கேக்கவே இல்ல. இன்னி வரைக்கும் கேக்கல. அவளும் சொல்லல.

வாராவாரம் ஞாயித்துக்கிழமை ஆபீஸ் ரூம் போன்ல பத்து நிமிஷம் பேச விடுவாங்க. நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேம்மா. படிக்கிறேம்மா. மூணே வாக்கியம். பின்னாடி அடுத்த பிள்ளைங்க வரிசையில நிக்கற சத்தம் கேக்கும். முதல் தடவை நான்தான் உளறினேன், திடீர்னு டிக்கெட் மாறிடுச்சுடி, அதான். ம்னா. அதோட சரி. ஒரு சண்டை போட்டிருக்கலாம், ஏம்மா இப்படிப் பண்ணினேன்னு கத்தியிருக்கலாம், போனை வெச்சிருக்கலாம். அடிச்சிருந்தா வலிச்சு ஆறியிருக்கும். நல்லா இருக்கேம்மான்னா. போன டிசம்பர்ல மூணு வாரம் ஊருக்குப் போனோம், ஹாஸ்டல்ல ஒரே ஒரு நாள் வெளிய விட்டாங்க. தக்காளி சாதமும் முறுகலா உருளைக்கிழங்கும் கட்டிக்கிட்டு ஓடினேன். நல்லா இருக்கும்மான்னு சாப்பிட்டா, தட்டைத் தானே கழுவினா. நான் கழுவறேன்டின்னேன். பரவால்லம்மா, பழக்கமாயிடுச்சுன்னா. சடையில கறுப்பு ரிப்பன் இருந்தது. யாரோ வாங்கிக் குடுத்திருக்காங்க. என் பையில இருந்த பொட்டலத்தை நான் வெளிய எடுக்கல. தம்பிதான் அவ முதுகு மேல ஏறி உக்காந்துக்கிட்டு, அக்கா நீ எப்ப வருவ, எப்ப வருவன்னு அனத்தினான். அவன் கன்னத்தைக் கிள்ளிட்டு, நீ பெரிய ஆளானதும்னா.

மூணு நாற்பது. மார்லூஸும் இன்னொருத்தியும் நீலப் பாயைத் தூக்கிட்டு வராங்க. பிள்ளைங்க கரையில வரிசையா நிக்குதுங்க, துணியெல்லாம் சொட்டச் சொட்ட, குளிர்ல தோளைக் கட்டிக்கிட்டு. துருவன் நாலாவது. என்னைத் தேடறான், கண்ணாடி வழியாக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அவனும் தூக்கினான். நாலாவது ஆளுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஐம்பத்தெட்டு செகண்ட்தானே. கேட்டுட்டா நிம்மதியா அவனைப் பாக்கலாமே. இந்தப் புத்திதான் என் புத்தி, எல்லாத்துக்கும் நடுவுல நேரம் இருக்குன்னு கணக்குப் போடற புத்தி. இயர்போனை மாட்டிக்கிட்டேன். முருகா, கையெழுத்துப் போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை. அமுக்கினேன்.

"அம்மா, நான் இலக்கியா." உன் குரல் எனக்குத் தெரியாதாடி? "கையெழுத்துப் போடலம்மா. அப்பாகிட்ட நீயே சொல்லிடு. கோவமெல்லாம் இல்ல, சத்தியமா. அங்க வந்து என்ன பண்ணப் போறேன்னு நாலு நாளா யோசிச்சேன், ஒண்ணுமே தோணல. உங்க மூணு பேருக்கும் அங்க பழகிடுச்சு. எனக்கு இங்க பழகிடுச்சு. கோயம்புத்தூர்ல காலேஜ் பாக்கலாம்னு சித்தப்பா சொல்றார்." பின்னாடி ஒரு பைக் போற சத்தம். மாடியில நின்னு பேசறா போல. "அப்புறம்மா, முதல் ஞாயித்துக்கிழமை நான் காலையிலேயே தட்டைக் கழுவி எடுத்துக்கிட்டு கேட்டு கிட்ட வந்து உக்காந்துட்டேன். அஞ்சு மணிக்கு வாட்ச்மேன் அண்ணா, உள்ள போ பாப்பான்னார். வண்டி பஞ்சராயிருக்கும்ணா, வந்துடுவாங்கன்னு சொன்னேன். இப்ப ஏன் சொல்றேன்னு தெரியல. நீ அழாத. தம்பி நீந்தறதை வீடியோ எடுத்து அனுப்பு. ரிசல்ட்டுக்கு வரோம்னு அப்பா சொன்னார். வரோம்னு மட்டும் முன்னாடியே சொல்லாதீங்கம்மா. வர்றப்ப வாங்க." அவ்வளவுதான். நின்னுபோச்சு. மறுபடி அமுக்கினேன். தட்டைக் கழுவி எடுத்துக்கிட்டு. மறுபடி. வண்டி பஞ்சராயிருக்கும்ணா. எனக்காகப் பொய் சொல்லியிருக்கா என் பொண்ணு, ஒரு வாட்ச்மேன்கிட்ட, பதினாறு வயசுல, கையில காலித் தட்டோட. நான் அங்க ஓடணும், இப்பவே எழுந்து ஓடணும், கேட்டுக்கு வெளிய வண்டியை நிறுத்தி இறங்கணும். அந்தக் கேட்டு இப்ப எங்க இருக்கு? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இருக்கு. ஆனலீஸ் பின்னறதை விட்டுட்டு என் தோளைத் தொட்டா. என்னாச்சு, எதாவது கெட்ட செய்தியான்னா. என் பொண்ணுன்னேன். உனக்குப் பொண்ணு இருக்காளான்னா. ஆமான்னேன், இருக்கா, இலக்கியான்னு பேரு, என்னைவிட நல்லவ. தமிழ்லயே சொல்லிட்டேன் எல்லாத்தையும். அவளும் தலையாட்டினா.

அப்பத்தான் கைத்தட்டற சத்தம் கேட்டுது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மார்லூஸ் தட்டறா, பிள்ளைங்கல்லாம் தட்டுது. பாய்க்கு அந்தப் பக்கம் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு ஏறி வர்றது துருவன். போயிட்டு வந்துட்டான். அடியில போயி, அந்தப் பக்கம் எழுந்து, எல்லாம் முடிஞ்சுபோச்சு. கதவைத் தள்ளிக்கிட்டு ஓடி வரான், ஓடக் கூடாதுன்னு மார்லூஸ் கத்தறதைக் காதுலயே வாங்காம, ஷூவுலேர்ந்து தண்ணி பீச்ச, உதடு நீலமா, முகமெல்லாம் பல்லா. "பாத்தியாம்மா? கண்ணை எடுக்காம பாத்தியா? நடுவுல இருட்டா இருந்துச்சும்மா, நீ பாத்துட்டிருக்கேன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டேன்." பாத்தேன்டா தங்கம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அது எப்பவும் நாக்கு நுனியிலதான் இருக்கும், எனக்குத் தேடவே வேண்டாம். சூப்பரா வந்தேடான்னு சொல்லிட்டா சந்தோஷமா வீட்டுக்கு வருவான், வழியெல்லாம் அதையே பேசிக்கிட்டு வருவான், யாருக்கும் எதுவும் தெரியப் போறதில்ல. "பாக்கலடா கண்ணா"ன்னேன். "அந்த நேரத்துல அம்மா போனைப் பாத்துட்டேன்." சிரிப்பு உடனே போகல அவனுக்கு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் போச்சு. கீழ் உதடு துடிச்சுது. அழாம அடக்கிக்கிட்டான். அக்கா மாதிரியே. சட்டை நுனியைப் பிழிஞ்சுக்கிட்டே தரையைப் பாத்து நின்னான். அப்புறம் நிமிந்து, "சரி, அடுத்த புதன் பாக்கறியா?"ன்னான்.

மண்டி போட்டு உக்காந்து அவன் ஷூ லேஸை அவுக்க ஆரம்பிச்சேன். ஈரத்துல முடிச்சு இறுகிப்போயிருந்தது, நகம் இறங்கல. தலைக்கு மேல நின்னுக்கிட்டு அவன் கேட்டுக்கிட்டே இருந்தான்.

"சொல்லும்மா. பாக்கறியா?"